மன்ஸூரின் கிதார்: ஒரு கடலோசையின் பின்புலம்

இசையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பாடியவர்களையும் இசைத்தவர்களையும் பற்றியே எழுதிச் செல்கின்றனர். நரம்பின் கனம், மரத்தின் வடிவு, மீட்டும் கையின் பழக்கம், ஒலியைப் பெருக்கும் பொறி ஆகியவை ஓரத்தில் ஒதுங்கிவிடுகின்றன. ஆனால் ஒரு பண்பாட்டின் செல்வம் இன்னொரு பண்பாட்டுக்குள் எவ்வாறு நுழைந்தது என்பதை அறிய விரும்புவோருக்கு ஓரத்தில் கிடக்கும் இச்செய்திகளே சிறந்த சான்றுகள். பெயர்கள் மாறும், மொழி மறக்கப்படும், கையின் பழக்கமோ எளிதில் மாறுவதில்லை. இதை விளக்க, நம் வாசகர்கள் சற்றும் எதிர்பாராத ஓர் எடுத்துக்காட்டை இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கலிஃபோர்னியக் கடற்கரையில் 'சர்ஃப் ராக்' என்றோர் இசைவகை தோன்றியது. அலைகளின் மீது பலகையேறிச் சறுக்கி விளையாடும் இளைஞர்களின் இசை அது. அதன் பெரும்பகுதி பாடலற்ற கருவியிசை. மின்கிதாரே அதன் நாயகன். அவ்விசையின் அடையாளமாக உலகமெங்கும் அறியப்படும் மெட்டின் பெயர் 'மிஸிர்லூ'. எகிப்தைக் குறிக்கும் 'மிஸ்ர்' என்னும் அரபுச் சொல் துருக்கியில் 'மிஸிர்லி' ஆகி, கிரேக்கத்தில் பெண்பாலேற்று 'மிஸிர்லூ' ஆயிற்று. 'எகிப்தியப் பெண்' என்பது அதன் பொருள். அதை மின்கிதாரில் இசைத்துப் புகழ்பெற்ற டிக் டேலின் இயற்பெயர் ரிச்சர்ட் ஆன்டனி மன்ஸூர். அவருடைய தந்தைவழி லெபனானைச் சேர்ந்தது.

கலிஃபோர்னிய அலையோசைக்குள் எகிப்தும் லெபனானும் எவ்வாறு புகுந்தன? இதற்கு விடை தேட, அவ்விசையை ஆக்கிய கருவிகளையே நாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும். இசை ஆகுமா, ஆகாதா என்னும் ஃபிக்ஹுச் சட்டத்துறை விவாதம் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. வரலாற்றில் நிகழ்ந்ததை அறிவதே இங்கு நம் நோக்கம்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில், உதுமானிய ஆட்சியின் கீழிருந்த லெபனான் மலைப்பகுதியிலிருந்தும் சிரியாவிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்தனர். 1924ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் அந்த வரவைப் பெரிதும் தடுத்து நிறுத்தும் வரை இப்பெயர்வு தொடர்ந்தது. அவர்கள் சென்று தங்கிய நகரங்களுள் பாஸ்டனும் ஒன்று. நம் வாசகர்கள் நன்கறிந்த கலீல் ஜிப்ரான் 1895இல் சிறுவனாக வந்து குடியேறியதும் இந்நகரில்தான். அக்குடியேறிகள் தம்மோடு கொண்டுவந்தவற்றுள் ஊத் என்னும் நரம்புக் கருவியும், தர்புகா என்னும் குடமுழவும் இருந்தன. திருமண வீடுகளிலும் ஹஃப்லா எனப்படும் விருந்துக் கூட்டங்களிலும் அவை ஒலித்தன.

ரிச்சர்ட் மன்ஸூர் 1937 மே 4 அன்று பாஸ்டனில் பிறந்து, அருகிலிருந்த குவின்ஸி என்னும் ஊரில் வளர்ந்தார். தாய்வழி கிழக்கு ஐரோப்பாவைச் சேர்ந்தது. தந்தைவழி உறவினரொருவர் ஊத் வாசிப்பவர். அவரிடமிருந்தே சிறுவன் தர்புகாவின் தாளத்தைக் கற்றான். 1954இல் குடும்பம் தெற்குக் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தது. மேடைக்கு ஏறியபோது மன்ஸூர் என்னும் பெயர் உதிர்ந்து, எளிதில் உச்சரிக்கத்தக்க 'டிக் டேல்' அவ்விடத்தில் அமர்ந்தது. புலம்பெயர்ந்தோர் பலருக்கும் நேர்ந்ததே இவருக்கும் நேர்ந்தது. பெயரோடு உதிராத ஒன்று அவர் கையில் எஞ்சியிருந்தது.

தர்புகாவை இசைப்பவர் இரு கைகளாலும் விரைந்து, இடைவெளியின்றி தட்டுகிறார். ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக உருண்டோடுகின்றன. ஊத் இசைப்பவரோ, நீண்டு ஒலிக்காத நரம்பை நீளச் செய்வதற்காக, ஒரே சுரத்தை மேலும் கீழுமாக மிக வேகமாக மீட்டுகிறார். டேல் இவ்விரு பழக்கங்களையும் மின்கிதாரின் தடித்த கம்பிகளுக்கு மாற்றினார். மேல்வீச்சும் கீழ்வீச்சும் மாறி மாறி, துப்பாக்கிச் சரவெடி போல் தெறிக்கும் அந்த மீட்டல் முறையே சர்ஃப் கிதாரின் முதல் இலக்கணமாயிற்று. ஜாஸ் முழவிசைஞர் ஜீன் க்ரூப்பாவின் தாக்கத்தையும் டேல் பலமுறை நன்றியோடு குறிப்பிட்டிருக்கிறார் என்பதை நாம் மறைக்கலாகாது. ஒரு கையில் ஒரே ஆசானின் பாடம் மட்டும் தங்குவதில்லை.

மிஸிர்லூ அவருடைய கைக்கு வந்த கதையும் இத்தகையதே. ஒரே கம்பியில் ஒரு முழுப் பாடலை வாசிக்க முடியுமா என்று சிறுவன் ஒருவன் கேட்டானாம். அப்போது, தம் உறவினர் ஊத்தில் ஒற்றை நரம்பில் மிஸிர்லூ வாசித்தது டேலின் நினைவுக்கு வந்ததாம். மெதுவாக வாசித்தால் ஒற்றைக் கம்பியின் ஒலி வெறுமையாகத் தோன்றியதால், வேகத்தைப் பன்மடங்கு கூட்டினார். இது அவரே பின்னாளில் சொன்ன விவரம். அவர் தந்தையின் டெல்டோன் இசைத்தட்டு நிறுவனத்தின் வழி 1962இல் அம்மெட்டு வெளிவந்தது.

அந்த மெட்டு யாருடையது? இஸ்தான்புல்லில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய கிரேக்கர் தெயோடோடோஸ் டெமெட்ரியாடிஸ் 1927இல் நியூயார்க்கில் செய்த பதிவே நாமறிந்த முதல் ஒலிப்பதிவு. மெட்டு அதற்கும் முற்பட்டது. கிழக்கு மத்தியதரைக் கடற்கரை மக்களின் பொதுச்சொத்து. கிரேக்கர், துருக்கியர், அரபியர், யித்திஷ் மொழி பேசிய யூதர் என அனைவரும் அதைத் தத்தம் மொழியில் பாடினர். 1941இல் நிக் ருபானிஸ் என்னும் கிரேக்க அமெரிக்க இசையாசிரியர் அதை ஜாஸ் வடிவில் அமைத்துத் தம் பெயரில் பதிப்பித்தார். 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக் நிறைவு விழாவில் அது கிரேக்கத்தின் பாடலாக ஒலித்தது. தனியொருவருக்கோ தனியொரு சமயத்தாருக்கோ உரிமைச் சீட்டு எழுதித் தர இயலாத ஒரு மெட்டு இது.

எனினும் அதன் சுர அமைப்பு ஐயத்துக்கிடமின்றி கீழைத்தேயத்தது. அரபு மக்காம் மரபில் அதை 'ஹிஜாஸ்கார்' என்பர். நம் தமிழ் வாசகர்களுக்கு அதை விளக்குவது எளிது. கர்நாடக இசை கற்கும் குழந்தைகள் முதற்பாடமாகப் பயிலும் மாயாமாளவகௌளை ராகத்தின் சுரத்தானங்களுக்கு மிக நெருங்கியது அது. நுண்சுர நெளிவுகளில் இரண்டும் வேறுபட்டாலும், சுரங்களின் வரிசை ஒன்றே. டேலின் மிஸிர்லூவை முதன்முறை கேட்கும் தமிழ்ச் செவிக்கு அது அன்னியமாகத் தோன்றாததன் காரணம் இதுவே.

இங்கே கருவியின் இயல்பு குறுக்கிடுகிறது. ஊத்தின் கழுத்தில் மெட்டுகள் இல்லை. விரல் எங்கு வேண்டுமானாலும் அழுத்தலாம். கிதாரின் கழுத்திலோ, வீணையில் இருப்பது போன்ற உலோக மெட்டுகள் பதிக்கப்பட்டுள்ளன. அரைச்சுரங்களுக்கு இடைப்பட்ட ஒலிகளுக்கு அங்கு இடமில்லை. அப்பாஸியர் காலத்து பாக்தாதில் வாழ்ந்த ஊத் மேதை மன்ஸூர் ஸல்ஸல், பெரிய காந்தாரத்துக்கும் சிறிய காந்தாரத்துக்கும் நடுவே அமையும் ஒரு சுரத்தானத்தை நிலைநிறுத்தினார் என்பது மரபு. 10ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் அல்-ஃபாராபி தம் 'கிதாபுல் மூஸீக்கா அல்-கபீர்' நூலில் அதை அளந்து விளக்குகிறார். அது 'ஸல்ஸலின் நடுவிரல்' என்றே வழங்கிற்று. அரபு இசையின் உயிர்நாடிகளுள் ஒன்றான அந்தச் சுரத்தை, சாதாரண கிதாரின் மெட்டுகள் தரமாட்டா.

ஹிஜாஸ்காரோ ஏறக்குறைய முழுதும் அரைச்சுரங்களின் கணக்கிலேயே அடங்குவது. ஆகவே ராஸ்த், பயாத்தி போன்ற மக்காம்கள் வாசலிலேயே நின்றுவிட, ஹிஜாஸ்கார் மட்டும் கிதாரின் மெட்டுகளுக்குள் நுழைந்தது. ஒரு பண்பாடு இன்னொன்றுக்குள் செல்லும்போது அனைத்தும் செல்வதில்லை. ஏற்கும் கருவி எதை அனுமதிக்கிறதோ அதுவே செல்கிறது. மிஸிர்லூ அமெரிக்க மண்ணில் வேரூன்றியதற்கு இந்தத் தொழில்நுட்பப் பொருத்தமும் ஒரு காரணம் என நாம் கருதுகிறோம்.

இனி அக்கருவிக்கு வருவோம். டேல் வாசித்தது ஃபெண்டர் நிறுவனத்தின் 'ஸ்ட்ராட்டோகாஸ்டர்'. 1954இல் வெளிவந்த இக்கிதாரில் குடம் கிடையாது. கெட்டி மரத்தாலான உடலில் மூன்று காந்தச் சுருள்கள் பொருத்தப்பட்டிருக்கும். உலோகக் கம்பியின் அதிர்வு காந்தப் புலத்தைக் கலைக்க, அக்கலைவு மின்னோட்டமாக மாறி ஒலிபெருக்கிக்குச் செல்லும். இதை ஆக்கிய லியோ ஃபெண்டர் (1909–1991) கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் 1938இல் வானொலி பழுதுபார்க்கும் கடை தொடங்கியவர். அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. வாசிப்போரின் குறைகளைப் பொறுமையாகக் கேட்டுக் கேட்டே தம் கருவிகளைச் செம்மைப்படுத்தினார்.

டேல் இடக்கையர். வலக்கையருக்கெனக் கம்பி கட்டிய கிதாரை அப்படியே தலைகீழாகத் திருப்பி வாசித்துப் பழகியவர்; தடித்த கம்பி கீழேயும் மெல்லிய கம்பி மேலேயும் இருக்கும். பின்னர் இடக்கையருக்கேற்ற கிதார் கிடைத்தபோதும் கம்பிகளின் வரிசையை அவர் மாற்றவில்லை. அக்கம்பிகளோ வழக்கத்துக்கு மாறான கனமுடையவை. இன்று பலர் பயன்படுத்தும் மெல்லிய கம்பித் தொகுதியில் மிக நுண்ணியது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 9 அல்லது 10 பங்கு கனம். டேலின் தொகுதி ஏறக்குறைய 16இல் தொடங்கி 60 வரை சென்றது. தடித்த கம்பி வன்மையான மீட்டலைத் தாங்கும். பருத்த ஒலியைத் தரும். அவருடைய வேகத்தில் பிளாஸ்டிக் பிக்குகள் தேய்ந்து உருகின என்பர்.

நரம்பின் கனத்தைப் பற்றிய இவ்வக்கறை நம் அறிவு மரபுக்குப் புதிதன்று. 9ஆம் நூற்றாண்டில் அல்-கிந்தீ ஊத்தின் நான்கு நரம்புகளுள் கீழ்ச்சுர நரம்புகள் இரண்டும் குடல் நரம்பாலும், மேற்சுர நரம்புகள் இரண்டும் பட்டாலும் அமைய வேண்டுமென எழுதினார். 10ஆம் நூற்றாண்டு பஸ்ராவின் இஃக்வானுஸ் ஸஃபா அறிஞர் குழு, பட்டிழைகளின் எண்ணிக்கையையே கணக்கிட்டுத் தந்தது: 64, 48, 36, 27. ஒவ்வொன்றும் அடுத்ததற்கு நான்குக்கு மூன்று என்னும் விகிதம். பாக்தாதிலிருந்து புறப்பட்டு 822இல் அந்தலூசியாவை அடைந்த ஸிர்யாப், மரத்துண்டுக்குப் பதிலாகக் கழுகின் இறகால் நரம்பை மீட்டினார் என்றும், ஐந்தாம் நரம்பைச் சேர்த்தார் என்றும் வரலாற்றாசிரியர் அல்-மக்கரீ பதிவுசெய்கிறார். நரம்பும் மீட்டும் பொருளும் மாறினால் இசையே மாறும் என்பதை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

கருவி அமைந்தது, அதன் ஒலி போதவில்லை. பால்போவா கடற்கரையில் ரெண்டேவூ பால்ரூம் என்னும் நடன மண்டபம் இருந்தது. 1961 முதல் டேலும் அவருடைய டெல்டோன்ஸ் குழுவினரும் அங்கு இசைத்தனர். விரைவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர். அன்றைய ஆம்ப்ளிஃபயர்கள் பெரும்பாலும் 10 முதல் 30 வாட் அளவினவே. நெருங்கி நிற்கும் மனித உடல்கள் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். அங்கே அச்சிறு பெட்டிகள் திணறின. தர்புகாவின் அதிர்வு நெஞ்சில் மோதுவது போல் தம் கிதாரும் மோத வேண்டுமென்று டேல் விரும்பினார். பெட்டிகளை இயன்றவரை முடுக்கினார். ஸ்பீக்கர்கள் கிழிந்தன, சில தீப்பற்றவும் செய்தன. நாற்பதுக்கு மேற்பட்ட பெட்டிகள் அவ்வாறு அழிந்தன என்பது அவருடைய கணக்கு.

லியோ ஃபெண்டரும், அவருடைய உதவியாளரும் ஹவாய் இசைக் கலைஞருமான ஃப்ரெடி டவாரெஸும் மண்டபத்துக்கே வந்து, கூட்டத்தின் நடுவே நின்று கேட்ட பின்புதான் சிக்கல் அவர்களுக்குப் புரிந்ததாக டேல் நினைவுகூர்ந்துள்ளார். 1960இல் அறிமுகமான 'ஷோமேன்' ஆம்ப்ளிஃபயரும், அதன் பின்வந்த 'டியூயல் ஷோமேன்' ஆம்ப்ளிஃபயரும் இத்தகைய தேடலின் விளைவுகள். ஷோமேனின் ஆற்றல் ஏறக்குறைய 85 வாட். மின்சுற்று ஒரு பெட்டியிலும் ஸ்பீக்கர் மற்றொரு பெட்டியிலுமாகப் பிரிக்கப்பட்டன. ஜேபிஎல் நிறுவனத்தின் 15 அங்குல ஸ்பீக்கர், கிதாரின் கடும் தாக்குதலைத் தாங்கும்படி மாற்றியமைக்கப்பட்டு டி130எஃப் எனப் பெயர் பெற்றது. டியூயல் ஷோமேனில் இத்தகைய ஸ்பீக்கர்கள் இரண்டு. பிற்காலத்தின் பேரொலி ராக் இசைக்கு இவை பாதை திறந்தன.

சர்ஃப் இசை என்றதும் பலரும் நினைப்பது நீருக்குள்ளிருந்து வருவது போன்ற அந்த ஈர ஒலியை. அதைத் தருவது 'ரிவெர்ப்' என்னும் எதிரொலிப் பெட்டி. அதன் மூலம் வியப்புக்குரியது. நெடுந்தொலைவுத் தொலைபேசியில் ஏற்படும் ஒலித் தாமதத்தை ஆராய பெல் ஆய்வகம் சுருள்வில்களைப் பயன்படுத்தியது. ஹேமண்ட் ஆர்கன் நிறுவனம் அதைத் தன் கருவிக்குள் பொருத்தியது. ஃபெண்டர் அதை வாங்கி 1961இல் கிதாருக்கான தனிப்பெட்டியாக்கினார். கிதாரின் மின்குறிப்பு சுருள்வில்லின் ஒரு முனையை அசைக்கும்; அவ்வசைவு மறுமுனைக்கு ஓடி, மோதித் திரும்பி, மீண்டும் மின்குறிப்பாகும். கம்பியைச் சுண்டி மீட்டும்போது வில்லுக்குள் ஒலி சொட்டுச் சொட்டாகத் தெறிக்கும். இக்கருவியை முதலில் நாடியது தம் குரலின் நடுக்கமின்மையை மறைப்பதற்கே என்றும், 1962இல் வெளிவந்த தம் முதல் இசைத்தொகுப்பில் அது இல்லை என்றும் டேல் கூறியுள்ளார். அதாவது கடலின் ஈரம் பின்னர் வந்து சேர்ந்தது. மீட்டும் கை அதற்கு முன்பே அங்கிருந்தது.

பிற குழுக்கள் இக்கருவிகளை ஏற்றுத் தத்தம் வழியில் பயன்படுத்தின. சான்டா ஆனா உயர்நிலைப் பள்ளி மாணவர்களான சான்டேஸ் குழுவின் 'பைப்லைன்', சர்ஃபாரிஸ் குழுவின் 'வைப் அவுட்' ஆகிய இரண்டும் 1963இல் அமெரிக்காவெங்கும் ஒலித்தன. ஜாஸ் கலைஞர்களை எண்ணி 1958இல் ஃபெண்டர் செய்த 'ஜாஸ்மாஸ்டர்' கிதாரை அவர்களைவிட சர்ஃப் இளைஞர்களே விரும்பி ஏற்றனர். கடலே இல்லாத கொலராடோ மாநிலத்தின் அஸ்ட்ரனாட்ஸ் குழு ரிவெர்ப் பெட்டியைக் கொண்டு கடலோசையை எழுப்பியது. பீச் பாய்ஸ் குழு 1963ஆம் ஆண்டின் தம் இசைத்தொகுப்பில் மிஸிர்லூவையும் சேர்த்துக்கொண்டது.

இவ்வரலாற்றை வாசிக்கும் நம்மவர்க்கு இரு தவறுகள் நேரக்கூடும். ஒன்று, மறதி. பிரிட்டிஷ் குழுக்களின் வருகையால் 1964க்குப் பின் சர்ஃப் இசை மங்கியது. ரெண்டேவூ மண்டபம் 1966இல் தீக்கிரையாயிற்று. 1994இல் 'பல்ப் ஃபிக்‌ஷன்' திரைப்படத்தின் தொடக்கத்தில் மிஸிர்லூ ஒலித்தபோது, கோடிக்கணக்கானோர் அதைக் கலப்பற்ற அமெரிக்க ஒலியாகவே கேட்டனர். மன்ஸூர் என்னும் பெயரும் ஊத் ஒலித்த அவ்வீடும் அவர்கள் செவிக்கு எட்டவில்லை. குடியேறி வந்தோரின் கொடையை ஏற்றுக்கொண்டு அவர்தம் பெயரை மட்டும் நீக்கிவிடும் வழக்கத்துக்கு இதுவும் ஒரு சான்று.

மற்றொன்று, மிகைப் பெருமிதம். "சர்ஃப் இசையே அரபியர் தந்தது" என்று முழங்குவது எளிது. அது உண்மைக்குப் புறம்பானது. வெஞ்சர்ஸ் குழுவும் டுவேன் எடியும் கருவியிசை ராக்கை முன்பே வளர்த்திருந்தனர். வானொலி பழுதுபார்த்த லியோ, ஹவாயின் டவாரெஸ், தொலைபேசி ஆய்வகத்தின் பொறியாளர்கள் ஆகிய யாரும் இன்றி அவ்வொலி இல்லை. ஊத் என்னும் கருவியே கூட, முஸ்லிம், கிறித்தவர், யூதர் என அரபு மொழி பேசிய அனைவரின் கூட்டு உழைப்பால் செழித்தது. 'அல்-ஊத்' என்னும் சொல்லே ஸ்பானியத்தில் 'லாவூத்' எனவும் ஆங்கிலத்தில் 'லூட்' எனவும் ஆனது. கருவியும் சொல்லோடு சேர்ந்து பயணித்தது. ஆனால் கிதார் ஊத்தின் நேர்வாரிசு என்று ஆராய்ச்சியாளர் எவரும் எளிதில் சொல்லிவிடுவதில்லை. கிரேக்கம், அரபு, ஸ்பானியம் என மூன்று மொழிகளின் வழி வந்த அதன் பெயரே பல ஊற்றுகளைக் காட்டுகிறது.

நாகரிகங்களின் கொடுக்கல் வாங்கலைப் பேசும்போது பைத்துல் ஹிக்மாவையும் தொலேதோவின் மொழிபெயர்ப்பாளர்களையும் நாம் அடிக்கடி நினைவுகூர்கிறோம், அது முறையே. ஆனால் நூலேறாத அறிவும் உண்டு. விருந்து வீட்டில் பெரியவர் முழவைத் தட்டுவதைப் பார்த்து ஒரு சிறுவன் தன் தொடையில் தட்டிப் பழகுவது எந்தச் சுவடியிலும் பதிவாவதில்லை. ஸல்ஸலின் சுரத்தை அல்-ஃபாராபி எழுதிவைத்தார். குவின்ஸி வீட்டில் ஒலித்த தாளத்தை எழுதிவைக்க எவருமில்லை. தடித்த கம்பிகளும், 15 அங்குல ஸ்பீக்கர்களும், ஒரு கையின் ஓயாத மீட்டலுமே அதன் சுவடிகள்.

டிக் டேல் 2019 மார்ச் 16 அன்று, 81ஆம் வயதில் கலிஃபோர்னியாவில் காலமானார். முதுமையின் கடும் நோய்களுக்கிடையிலும் அவர் மேடையேறுவதை நிறுத்தவில்லை. நம் ஊர்களிலும் தஃப் கொட்டும் பக்கீர்களும், அரபுத்தமிழ் ஏடுகளில் உள்ள பாடல்களின் மெட்டறிந்த முதியோரும் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். அவர்தம் சொற்களை அச்சில் ஏற்றியிருக்கிறோம். அவர்தம் கையின் பழக்கத்தைப் பதிவுசெய்தோமா என்பதே இவ்வரலாறு நம்முன் வைக்கும் வினா.